ரோசம்மாள் டீச்சரை இழுத்த நாய்

ரோசம்மாள் டீச்சர் விசிலை வாய்க்குக் கொண்டு போனாலே மைதானத்தில் பேச்சு அடங்கிவிடும். பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் டிரில் டீச்சர். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சேலை, காலில் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். சுதந்திர தின அணிவகுப்பில் எந்தப் பிள்ளைகள் கோடு கிழித்த மாதிரி நடக்கிறார்களோ அவர்கள் ரோசம்மாள் டீச்சருடைய பிள்ளைகள் என்று பார்க்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். வரிசையில் ஒருத்தி கொஞ்சம் முந்தினாலும் டீச்சருக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருக்கும். கையைப் பிடித்துப் பின்னுக்கு ஒரே இழுப்பு. அந்தப் பிள்ளை அப்புறம் முந்தாது.

அப்பேர்ப்பட்ட டீச்சரைத்தான், தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாதா கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் வீட்டுக்குத் திரும்புகிற நேரத்தில், கறிக்கடை முன்னால் ஒரு நாய் குப்புறத் தள்ளியது.

தள்ளியது என்றுகூடச் சொல்ல முடியாது. நாய் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கொக்கியில் தொங்கிய ஆட்டுத்தொடையைப் பார்த்தது, பாய்ந்தது. சங்கிலியின் மறுமுனையை ரோசம்மாள் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள். விட நினைத்தாலும் விட முடியாது. முழங்கால் தார்ரோட்டில் தேய, சேலைக் கொசுவம் அவிழ, கடைப் பலகைவரை இழுபட்டுப் போனாள். கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு ஓடிவந்து சங்கிலியைக் காலால் மிதித்து நிறுத்தினார்.

எழுந்து நிமிர்ந்தபோது எதிரே பழைய மாணவிகள் இரண்டு பேர், கோயிலுக்குப் போட்ட முக்காட்டுடன், வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சிரிப்பை அடக்குகிறார்களா பயந்துபோனார்களா என்று தெரியவில்லை.

"டீச்சர், அடி பட்டுட்டா?"

"ஒண்ணுமில்ல. நேரா வீட்டுக்குப் போங்கட்டீ," என்றாள், அவர்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருப்பதை மறந்து.

நாய் அவளுடையது இல்லை. தம்பி ஜேசுதாசனுடையது.

ரோசம்மாள் உவரிக்காரி. அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். ஈர மணலில் ஓடி ஓடிக் கால் உறுதிப்பட்டவள். பள்ளிக்கூடத்து விளையாட்டுகளில் ஈட்டி எறிந்து பரிசு பரிசாக வாங்கிக் குவித்ததைப் பார்த்துக் கன்னியாஸ்திரிமார்தான் அவளை மேலே படிக்க அனுப்பினார்கள். கல்யாணம் என்று ஓரிரண்டு இடம் வந்தது. அரைக்கால் டவுசர் போட்டு மைதானத்தில் ஓடின பெண்ணா என்று ஒரு வீட்டில் கேட்டதும், அந்தப் பேச்சையே அவள் முடித்துவைத்துவிட்டாள். தம்பி பிறந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. பிரசவத்துக்குப் பிறகு அம்மா தேறவே இல்லை. இடுப்பில் வைத்து, சோறு ஊட்டி, அவனை ஆளாக்கியது ரோசம்மாள்தான். பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் அதட்டுகிறவளுக்கு அவன் ஒன்று கேட்டால் மட்டும் மாட்டேன் என்று வாயில் வராது.

அதைத் தெரிந்துகொண்டுதான் அவன் ஜூலை மாதம் ஒரு மத்தியானம் பஸ்ஸில் நாயோடு வந்து இறங்கினான்.

"தூத்துக்குடியில தோணிக்கு ஆள் எடுக்காவ யக்கா. மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போற தோணி. ஜாய்சி பிரசவத்துக்குக் கூடங்குளம் போயிட்டா. அங்க அவ அம்மைக்கு நாயக் கண்டாலே ஆகாது. இவனப் பாக்க ஆள் இல்ல."

"நான் வாடகை வீட்டுல இருக்கேன்லே. மாடியில வீட்டுக்காரர் இருக்காரு. அவங்க சைவம்."

"நாயத்தான விடுதேன்? மீனையா வச்சிட்டுப் போறேன்? மூணே மாசம் யக்கா."

நாய்க்குப் பெயர் சுக்கான். குட்டியாக இருந்தபோது வள்ளத்தில் திசை திருப்புகிற சுக்கானுக்குப் பக்கத்தில்தான் போய்ப் படுக்குமாம். சாத்தான்குளத்துப் பக்கம் முயல் பிடிக்க வளர்க்கிற சிப்பிப்பாறை நாய்க்குப் பிறந்தது. மெலிந்த இடுப்பு, நீண்ட கால், மணல் நிறம். நல்ல நாய், அதில் குறையில்லை. யாரையும் கடிக்காது, தேவையில்லாமல் குரைக்காது. ஆனால் அது பிறந்ததிலிருந்து கழுத்தில் கயிறு பட்டதில்லை. கடற்கரையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடும், பசித்தால் திரும்பிவரும்.

முருகன்குறிச்சிக்குப் பக்கத்தில் ரோசம்மாள் இருந்த வீட்டில் அதெல்லாம் நடக்காது. கீழ்வீட்டில் இரண்டு அறை, ஒரு குசினி. முன்னால் நாலடி சிமெண்டுத் தரை, ஒரு இரும்புக் கேட். கேட்டைத் தாண்டினால் டவுன் பஸ்ஸும் லாரியும் ஓடுகிற ரோடு. காலையும் மாலையும் நாயை வெளியே கொண்டுபோயே ஆக வேண்டும், கட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

கேட்டைத் திறந்த கையோடு சுக்கான் பின்னங்காலில் எழும்பி இழுக்கும். கழுத்துப்பட்டை தொண்டையை நெரிக்கும், மூச்சு முட்டிக் கர்ர் கர்ர் என்று இருமும், அப்படியும் இழுக்கும். ரோசம்மாளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். "ஹால்ட்!" என்று அதட்டிப் பின்னுக்கு ஒரு வெட்டு வெட்டினாள். பிள்ளைகளாக இருந்தால் நின்றிருப்பார்கள். சுக்கான் அவள் காலடியில் வந்து விழுந்தது, எழுந்தது, முன்னிலும் வேகமாக இழுத்தது. அவள் எவ்வளவு பலமாகப் பின்னுக்கு இழுத்தாளோ அவ்வளவு பலமாக அது முன்னுக்குச் சாய்ந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னா டீச்சர், நீங்க நாயக் கொண்டு போறீயளா, நாய் உங்களக் கொண்டு போகுதா?" இதைக் கேட்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. கேட்ட ஒவ்வொருவரும் தானே முதன்முதலாகக் கண்டுபிடித்த மாதிரி சிரித்தார்கள்.

யோசனை சொல்லாத ஆளும் இல்லை. முரட்டு மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடச் சொன்னார் டீக்கடைக்காரர். கால்நடை டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு, "கட்டிப் போட்டு வளருங்க டீச்சர், எதுக்கு ரோட்டுல கூட்டிட்டு அலையுதீங்க?" என்றார். மாடி வீட்டுக்காரர் கோபாலசுப்பிரமணியன் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மேலே நின்றபடியே, "நாலு சாத்து சாத்துங்க. அடி படாம எதுவும் படியாது," என்று தீர்ப்புச் சொன்னார்.

அதையும் செய்து பார்த்தாள். ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து முதுகில் இரண்டு வைத்தாள். சுக்கான் அடிக்குத் தப்ப இன்னும் வேகமாக முன்னால் ஓடியது. குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, தன்மேல் வந்த கோபத்தையும் சேர்த்து நாய்மேல் கத்தினாள்.

கறிக்கடைச் சம்பவம் அதற்கப்புறம் நடந்தது. முழங்கால் புண் ஆறிவிட்டது. தோள் ஆறவில்லை. ஈட்டி எறிந்த காலத்திலேயே பழுதுபட்ட வலது தோள் அது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தசைநார் கிழிந்திருக்கிறது, நாயையெல்லாம் இந்தக் கையில் பிடிக்காதீர்கள் என்றார். சங்கிலியை மாற்றிக் கயிறு கட்டி, இடது கையில் பிடித்தாள். இடது கை வலித்தது.

டிசம்பரில் தலைமையாசிரியையான கன்னியாஸ்திரி அவளை அறைக்குக் கூப்பிட்டார். கை தூக்கி சல்யூட் அடிக்க முடியாதவர் அணிவகுப்பை எப்படி நடத்துவது, இந்தக் குடியரசு தினத்துக்கு மட்டும் புது டீச்சர் சுப்ரியா பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். ரோசம்மாள் சரி சிஸ்டர் என்று வெளியே வந்து, விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். மைதானத்தில் சுப்ரியா மெல்லிய குரலில் லெப்ட் ரைட் சொல்ல, பிள்ளைகள் ஆளுக்கொரு காலை எடுத்துவைத்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்று மாதம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. தோணி கரைக்கு வரும்போதெல்லாம் ஜேசுதாசன் மாடி வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவான். கோபாலசுப்பிரமணியனுடைய மனைவி கோமு படிக்கட்டில் நின்று குரல் கொடுப்பாள். ரோசம்மாள் மூச்சு வாங்க ஏறிப்போவாள்.

"எப்படி இருக்கான் யக்கா?"

"நான் எப்படி இருக்கேன்னு கேளுலே மொதல்ல. தோளப் பிடுங்கிப் போட்டுட்டான் ஒன் நாய். எப்ப வார?"

"இன்னும் ரெண்டு நடை போயிட்டு வந்துருதேன். ஆம்பளப் பிள்ள பெறந்திருக்கான் யக்கா. செலவு இருக்குல்லா?"

பிள்ளையைச் சொன்னதும் அவளுக்குக் கோபம் இறங்கிவிடும். கீழே வந்து நாயைப் பார்த்ததும் ஏறிவிடும்.

தை மாதம் ஒரு சாயங்காலம். பள்ளிக்கூடத்தில் சுப்ரியாவைப் பார்த்துவிட்டு வந்த எரிச்சல் அவளுக்கு. சுக்கானை வாய்க்கால் பாலத்துப் பக்கம் கொண்டுபோனாள். போகிற வழியெல்லாம் இழுப்பு. பாலத்துக்கு முன்னால் ஒரு மின்கம்பத்தடியில் தோளில் சுரீரென்று ஒரு வலி எடுக்க, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"போலே! போ! நான் வரல. நீயும் போவாத, நானும் வரல!" என்று சத்தம் போட்டாள். கயிற்றை இடுப்போடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பமாக நின்றுவிட்டாள். இழுக்கவில்லை. அதட்டவில்லை. அதற்கான தெம்பு அவளிடம் இல்லை.

சுக்கான் இழுத்துப் பார்த்தது. பக்கவாட்டில் பாய்ந்தது. முனகியது. முன்னால் போக வழியும் இல்லை, பின்னால் இழுக்க ஆளும் இல்லை. இப்படியொரு நிலைமை அதற்குப் புதிது. கடைசியில் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது போலத் திரும்பிப் பார்த்தது. ஒரு எட்டு அவளை நோக்கி வைத்தது. கயிறு தொய்ந்தது.

ரோசம்மாளுக்கு முதலில் தெரிந்தது தோளில் வலி விட்டதுதான். அப்புறம்தான் கயிற்றைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அது தொய்ந்து அவள் பார்த்ததே இல்லை.

அடி எடுத்து வைத்தாள். நாய் பாய்ந்தது. நின்றாள். நாய் இழுத்து, அலுத்து, திரும்பிப் பார்த்தது. நடந்தாள். பாய்ந்தது. நின்றாள். இருட்டும்வரை இதுதான் நடந்தது. பாலத்தைத் தொட முடியவில்லை. சைக்கிளில் போன ஒருவர் போகும்போதும் பார்த்தார், வேலை முடித்துத் திரும்பும்போதும் பார்த்தார். "யாருக்காக நிக்கீய டீச்சர்?" என்றார். நாய்க்காக என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. "ஒருத்தர் வாரேன்னாரு," என்று சொல்லிவைத்தாள்.

வழி தெரிந்துவிட்டதே, இனிமேல் சுலபம் என்று நினைத்தால் தப்பு. அதற்குப் பிறகுதான் அவள் பொறுமைக்குச் சோதனை வந்தது. தினமும் விடியற்காலையில் கேட்டைத் திறப்பாள், நாய் இழுக்கும், நிற்பாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும்வரை அடுத்த வீட்டு வாசலைத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஒருநாள் கொஞ்சம் நன்றாக நடக்கும், மறுநாள் ஒன்றுமே தெரியாத மாதிரி முதலிலிருந்து இழுக்கும். அவளுக்கு அவசரம் இருக்கிற நாளாகப் பார்த்து இழுக்கும். அவசரத்தில் ஒரு நாள் இழுத்த இழுப்புக்கு அவள் போய்விட்டால், அந்த ஒரு நாளை அது ஒரு வாரத்துக்கு ஞாபகம் வைத்திருந்தது.

பக்கத்தில் நடந்தால் ஏதாவது கொடுத்தால் என்ன என்று தோன்றியது. பிஸ்கட் கொடுத்தாள். சுக்கான் வாங்கி, ரோட்டில் துப்பியது. பொட்டுக்கடலையை மோந்துகூடப் பார்க்கவில்லை. கடற்கரை நாய். அதற்கு வேண்டியது என்ன என்று அவளுக்கும் தெரியும். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவளும் அதை வீட்டில் சமைத்ததில்லை. வேறு வழியில்லாமல் மார்க்கெட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கி, துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நாய் கயிறு தொய்ய இடது காலோரம் வந்தால் ஒரு நெத்திலி.

அது பலித்தது. ஆனால் வாடை அவளோடு எங்கேயும் வந்தது. ஆசிரியர்கள் அறையில் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். இரண்டாம் நாளே கோமு படியில் இறங்கிவந்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தியபடி நின்றாள்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீய. மேல பூசை ரூமு வரைக்கும் வருது."

"நாய்க்குத்தான் யக்கா. நான் சாப்பிடதுக்கு இல்ல."

"யாருக்குன்னா என்ன, வாடை ஒண்ணுதான? அவுக ராத்திரி சாப்பிடாமலே எந்திரிச்சிட்டாவ."

ரோசம்மாளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கோமுவைக் கையோடு கேட்டுக்கு வெளியே அழைத்துப்போய், நாயை நடத்திக் காட்டினாள். அன்றைக்கென்று சுக்கான் கொஞ்சம் ஒழுங்காக, மூன்று வீட்டுத் தூரம் காலோரமாக நடந்தது. கோமு நாய்க்குப் பயந்தவள், சுவரோடு ஒட்டி நின்று பார்த்தாள். "அட, புதுப் பொண்ணு மாதிரிலா வருது!" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டுக்குள்ள வைக்காதீய. கொல்லையில தென்னைமர மூட்டுல வைக்க ஒரு மண்பானை தாரேன், அதுல போட்டு மூடி வச்சுக்கிடுங்க. அவுகளுக்குத் தெரிய வேண்டாம்," என்றாள்.

கோமுவால் வந்த தொல்லை அப்படி அடங்கியது. கோபாலசுப்பிரமணியனால் வந்தது அதைவிடப் பெரிது.

வட்டார விளையாட்டுப் போட்டிக்காக ரோசம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் போக வேண்டியிருந்தது. அங்கேயே சில நாள் தங்கல். நாய்க்குச் சோறு போட மட்டும் கோமுவிடம் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பிவந்த மறுநாள் காலை கேட்டைத் திறந்தால், சுக்கான் ஆகஸ்ட் மாதத்துச் சுக்கானாக எழும்பிப் பாய்ந்தது. சுவரில் மோதித் தப்பித்தாள். மேலேயிருந்து கோபாலசுப்பிரமணியன் பெருமையோடு எட்டிப் பார்த்தார்.

"நாந்தான் தினம் காலைல கூட்டிட்டுப் போனேன் டீச்சர். என்னா வேகம்! தெற்கு பஜார் வரைக்கும் பத்தே நிமிசம். எனக்கும் சுகருக்கு நல்லதாச்சு."

"நீங்க எங்க நடந்தீய அண்ணாச்சி? அது உங்கள இழுத்துட்டுப் போயிருக்கு! எத்தன மாசம் நின்னு நின்னு பழக்குனேன் தெரியுமா? எல்லாத்தயும் கெடுத்துட்டீய!"

தெருவே கேட்கிற குரல். மைதானத்துக்குப் பழகின குரல், குறைக்க வரவில்லை. கோபாலசுப்பிரமணியன் முகம் சுண்டிப்போயிற்று. ஆபீசில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "உதவி செஞ்சதுக்கு நல்ல மரியாதை," என்று உள்ளே போனவர், வெகுநாள்வரை அவளிடம் பேசவில்லை. போன் வந்தாலும் கோமுதான் இறங்கிவந்து சொல்வாள். ரோசம்மாள் மன்னிப்புக் கேட்கப் போனாள், படியேறும்போதே மறுபடி கோபம் வந்து இறங்கிவிட்டாள்.

திரும்ப முதலிலிருந்து. அடுத்த வீட்டு வாசல், அப்புறம் மின்கம்பம், அப்புறம் பாலம். வெயில் காலத்தில் ஒருமுறை சாக்கடையிலிருந்து பன்றி ஒன்று குட்டிகளோடு ஏறிவந்து எல்லாவற்றையும் குலைத்தது. திருவிழா மேளச் சத்தத்தில் நாய் மிரண்டு மூன்று நாள் கேட்டை விட்டு வெளியே வரவே மறுத்தது. இழுத்த நாயைத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய நிலைமை. பல நாள் அவள் கயிற்றைத் தரையில் எறிந்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, "எனக்கு எதுக்குலே இந்த விதி?" என்று நாயிடமே கேட்டாள். அது அவள் மடியில் முகவாயை வைத்துக்கொண்டு நெத்திலி முடிச்சை மோந்தது.

மழை தொடங்குகிற சமயம், ஐப்பசியில் ஒரு காலை. எப்படி நடந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, வ.உ.சி. மைதானம்வரை போய்த் திரும்பினார்கள். வழி முழுக்கக் கயிறு பிறை மாதிரி தொங்கியபடியே இருந்தது. ஆடு ஒன்று குறுக்கே போனது. சுக்கான் காதை நிமிர்த்தியது, அவளைப் பார்த்தது, நடந்தது. யாராவது பார்க்க மாட்டார்களா என்று ரோசம்மாளுக்கு இருந்தது. வேடிக்கை பார்த்த தெரு முழுக்கக் கதவடைத்துத் தூங்கியது. பால்காரர் ஒருவர் மட்டும் சைக்கிளில் எதிரே வந்தார். நிறுத்தி, நாயை மேலும் கீழும் பார்த்தார்.

"நாய்க்கு மேலுக்குச் சரியில்லியா டீச்சர்? சோர்ந்துபோய் வருது?"

ரோசம்மாள் சுக்கானைக் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். நின்று பேசினால் என்ன சொல்லிவிடுவாளோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

தொண்ணூற்றேழாம் வருஷம், உவரி அந்தோணியார் திருவிழாவை ஒட்டி ஜேசுதாசன் வந்தான். கறுத்து, சதை போட்டு, கையில் வெளிநாட்டு டார்ச் லைட்டோடு வந்தான். தோணி வேலையை விட்டுவிட்டானாம். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, பக்கத்திலேயே வீடு, ஜாய்சியும் பிள்ளையும் வந்துவிட்டார்கள். சுக்கானைக் கூட்டிப்போக வந்திருந்தான்.

சுக்கான் அவனைப் பார்த்துக் குதித்துச் சுழன்று முனகி அடங்கியது. "கொஞ்சம் நடத்திட்டு வாரேன்," என்று கயிற்றை எடுத்தான். ரோசம்மாள் கேட்டில் நின்று பார்த்தாள். நாய் அவன் காலோரமாக, கயிறு தொங்க, தெருமுனைவரை போய்த் திரும்பியது. அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன யக்கா, போன்ல அந்தப் பாடு பாடுன? தோளப் பிடுங்குதான், கையப் பிடுங்குதான்னு? பச்சப் பிள்ள மாதிரில்லா வாரான்! நான் வளத்த நாய் அப்படி இழுக்காதுன்னு எனக்கு அப்பமே தெரியும்."

ஒன்றரை வருஷம். கிழிந்த தோள், போன அணிவகுப்பு, தெருவில் கம்பமாக நின்ற காலைகள் எல்லாம் ரோசம்மாளுக்குக் கண்முன்னால் வந்து நின்றன. "ஆமாலே. நீ வளத்த நாய்," என்றாள். அவனுக்கு அது உறைக்கவில்லை.

பஸ் ஏற்றிவிட அவள் போகவில்லை. கோமுதான் கேட்டுவரை வந்து, இப்போதும் சுவரோடு ஒட்டி நின்று, "போயிட்டு வாடே," என்று நாயிடம் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் கோபாலசுப்பிரமணியன் ஏதோ வேலையாக வந்தவர் போல இறங்கிவந்து, "தெருவே வெறிச்சுனு இருக்கு டீச்சர்," என்றார். சண்டைக்கு அப்புறம் இருவரும் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஈஸ்டருக்கு முன்னால் போன் வந்தது.

"யக்கா, இவனுக்கு என்னமோ ஆயிட்டு. லாரிக்கு முன்னால இழுத்துட்டுப் போறான். நேத்து ஜாய்சியக் கீழ தள்ளிட்டான். கையில பிள்ள. நல்ல வேளை, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல."

"இழுத்தா நீ என்ன செய்யுத?"

"நானும் இழுக்கேன்! வேற என்ன செய்ய?"

"இழுக்காதலே. நில்லு. அவன் இழுக்கும்போது போகவே போகாத."

"துறைமுகத்துல சங்கு ஊதிருவான் யக்கா. ரோட்டுல நின்னுக்கிட்டு இருக்க எனக்கு எங்க நேரம்?"

"நேரம் இருக்கும்போது நில்லு."

"நின்னேன். அஞ்சு நிமிசம் நின்னேன். பலிக்கல."

"அஞ்சு நிமிசமா!" அவள் கத்திய கத்தில் மாடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கோபாலசுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அஞ்சு நிமிசத்துல பலிக்கதுக்கு அது என்ன ஸ்டவ்வாலே? நாளைக்கே நாயக் கொண்டாந்து இங்க விடு!"

கொண்டுவந்தான். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார்களாம், மீன் வண்டியில் வந்து இறங்கினான். உள்ளங்கையில் கயிறு அறுத்த காயத்துக்குத் துணி சுற்றியிருந்தது. வாடி மெலிந்த முகத்தை வைத்துக்கொண்டு, "பாப்பா பெரியவனாகட்டும் யக்கா, அப்புறம் பாக்கலாம்," என்றான்.

"அப்புறம் ஒண்ணும் பாக்க வேண்டாம். இவன் இங்கதான் இருப்பான்," என்று ரோசம்மாள் கயிற்றை வாங்கினாள். வாங்கியதுதான் தாமதம், சுக்கான் தெருவைப் பார்த்துப் பாய்ந்தது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாள். தோளில் பழைய இடத்தில் சுரீர் என்றது.

"பாத்தியா!" என்றான் ஜேசுதாசன், நியாயம் கிடைத்தவனாக. "நான் சொன்னேம்லா?"

ரோசம்மாள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓர் எட்டு வைத்து நின்றாள். நாய் இழுத்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாடியில் கோமு சத்தமில்லாமல் வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"எவ்வளவு நேரம் இப்படி நிக்கணும் யக்கா?"

"அவன் பாக்க வரைக்கும்."

"பாக்காட்டா?"

"வாயை மூடிட்டு நீயும் நில்லுலே," என்றாள் ரோசம்மாள் டீச்சர்.